எங்கே வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை

பினாங்கில் காணாமல் போனோர் புகார்களுக்கு விதி வகுக்கும் போலீஸ் உயரதிகாரிகளுக்கும், சாலைக் கேமராக்களை நிர்வகிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவைக் காணாமல் நான் நின்ற அதே பாலாய், அதாவது போலீஸ் நிலைய முகப்பில் மறுபடியும் போய் நின்றேன். இந்தத் தடவை காணாமல் போனவர் எங்கள் ஃபிளாட்டில் அடுத்த புளோக்கில் இருக்கும் பாட்டி. எழுபத்தாறு வயது, மூன்று வருஷமாக மறதி நோய். அவருடைய மகளுக்குப் பேச்சே வரவில்லை, அதனால் துணைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வயதானவர், பக்கத்தில்தான் எங்காவது இருப்பார், சாயங்காலம் வரை தேடிப் பாருங்கள், வரவில்லை என்றால் வந்து ரிப்போர்ட் போடுங்கள் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் இன்னொருவர் எனக்குச் சொன்னதும் இதேதான். ஆள் மாறியிருக்கிறார், பதில் மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டி அன்று மாலை ஆறரை மணிக்குக் கிடைத்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஓடும் பெரிய லொங்காங்கில் (கழிவுநீர்க் கால்வாயில்), வீட்டிலிருந்து இருநூறு அடி கூட இருக்காது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நாங்கள் முகப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் அங்கேதான் கிடந்திருக்கிறார். அந்த லொங்காங் ஓரமாக அவர் பெயரைக் கத்திக்கொண்டு நானே இரண்டு தடவை நடந்தேன். அவர் பதில் குரல் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள் வழி தவறினால் உதவி கேட்டுக் கத்துவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்காவது தடுக்கி நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள், நின்ற இடத்திலேயே கிடப்பார்கள். வேலி, புதர், கால்வாய், மாடிப்படிக்குக் கீழே உள்ள இருட்டு என்று அது எங்கேயும் இருக்கலாம். அவர்களைத் தேடுவது என்றால் குனிந்து பார்த்துத் தேடுவது. இதை எனக்கு எந்த முகப்பிலும் யாரும் சொல்லவில்லை. அப்பா காணாமல் போய்க் கிடைத்த பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் செவ்வாய்க்கிழமை கத்திக்கொண்டுதான் நடந்தேன்.

அன்று மழை பெய்யவில்லை. இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்பாவின் கதையைச் சொல்கிறேன். எந்த பாலாய், எந்த அதிகாரி என்று எழுதப் போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. அவர்கள் கையில் இருந்த ஃபாரத்தில் எது இல்லையோ அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்பா ஃபெரியில் வேலை பார்த்தவர். பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் நடுவே மஞ்சள் வண்ணத்தில் ஓடிய பழைய ஃபெரிகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர். 'புலாவ் ரீமாவ்', 'புலாவ் தாலாங் தாலாங்', 'புலாவ் உண்டான்' என்று பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வார். கரை சேரும்போது கயிறு போட்டுக் கட்டுவது அவர் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தார். வேலையில் சேர்ந்த காலத்தில் குடும்பம் அக்கரையில், பாகான் டாலாமில் வாடகை வீட்டில் இருந்தது. நானும் தம்பியும் பிறந்தது அங்கேதான். பிறகுதான் தீவில் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு வந்தோம்.

ஓய்வு பெற்று இருபது வருஷம் கழித்து நோய் வந்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, அலமாரியில் காக்கிச் சட்டையைத் தேடுவார். "கப்பல் கிளம்பிடும்மா" என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு லீவுப்பா" என்று சொல்லி மறுபடி படுக்க வைப்போம். அவர் எங்கே போகப் போகிறார் என்பதைத் தினமும் காலையில் அவரே எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பழைய ஞாபகம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வியாழக்கிழமை எனக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். தம்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு நாற்பதுக்கு அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போயிருக்கிறார்; கீழ்வீட்டுக்காரர் வைத்திருக்கும் கேமராவில் பிறகு பார்த்தோம். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, இடது கையில் ஒரு காலி டிஃபன் கேரியர். தடுமாறாமல், நேரமாகிவிட்டவர் மாதிரி விறுவிறுவென்று நடந்து போகிறார். அந்த நடையைப் பார்க்கிற யாரும், 'இவர் வழி தவறியவர், நிறுத்திக் கேட்போம்' என்று நினைக்கமாட்டார்கள்.

நான் வேனில் வந்து இறங்கியபோது ஏழரை. முதல் இரண்டு மணி நேரத்தை நாங்களேதான் வீணாக்கினோம், அதை ஒப்புக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கம். அப்பாவுக்கு நோய் இருப்பதே எங்கள் மாடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. நம் வீடுகளில் இதை, 'வயசானா வர்ற மறதி' என்று சொல்லி மூடிவைக்கிற பழக்கம் இருக்கிறது. சில வீடுகளில் செய்வினை என்கிறார்கள். கோப்பிக்கடை, மார்க்கெட், கோயில் என்று பார்த்துவிட்டு பத்து மணிக்கு பாலாய் போனோம். "ஞாஞோக்கா?", அதாவது மறதி நோயா என்று மலாயில் கேட்டார்கள். ஆமாம் என்றோம். சாயங்காலம் வாருங்கள் என்றார்கள்.

24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை, உடனே ரிப்போர்ட் போடலாம் என்று உங்கள் உயரதிகாரிகளே பல தடவை பேட்டி கொடுத்திருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். அந்தப் பேட்டி முகப்பில் இருப்பவரிடம் போய்ச் சேரவில்லை. அவர் 24 மணி நேரம் என்று சொல்லவில்லைதான், 'சாயங்காலம்' என்றார். வாசலில் நின்று கைபிசைகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவின் அல்ஸைமர் சங்கம், மறதி நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒருமுறையாவது இப்படி வெளியேறி அலைவார்கள் என்றும், 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் அவர்களில் பாதிப் பேர் வரை பலத்த காயமோ மரணமோ அடையக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. அப்படியானால் முதல் ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கிற தங்கம். அதைச் சாயங்காலத்துக்கு என்று எடுத்து வைக்க முடியாது.

மாலை நாலு மணிக்கு ரிப்போர்ட் எடுத்துக்கொண்டார்கள். உயரம் என்ன, எடை என்ன, நிறம் என்ன, கடைசியாக என்ன உடுத்தியிருந்தார், மச்சம் தழும்பு உண்டா. வீட்டில் சண்டையா? ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) கடன் ஏதும் வாங்கியிருக்கிறாரா? கடைசிக் கேள்வியைக் கேட்டபோது தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது, நான் கையைப் பிடித்து அமுக்கினேன். எல்லாம் கேட்டார்கள். எங்கே வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் எந்த வீட்டில் குடியிருந்தார், எந்த வழியாக வேலைக்குப் போவார், காலையில் எழுந்ததும் யாரைத் தேடுவார், என்ன சொல்லிப் புலம்புவார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷத்திலேயே நான், "ஃபெரி" என்று சொல்லியிருப்பேன். கேட்கிற வரைக்கும் எனக்கே அது தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. பதறிப்போய் நிற்கிறவருக்குத் தானாக எதுவும் தோன்றாது, அதற்காகத்தானே ஃபாரம்?

அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு போன். உங்கள் அப்பா என்னிடம் பத்திரமாக இருக்கிறார், டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகிவிட்டது, 300 வெள்ளி (ரிங்கிட்) போட்டுவிடுங்கள், கொண்டுவந்து விடுகிறேன் என்றது ஒரு குரல். தம்பி போட்டுவிட்டான். அந்த எண் அதோடு அணைந்தது. காணவில்லை என்று நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அப்பாவின் முழுப் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், எங்கள் இரண்டு பேர் போன் நம்பர் எல்லாம் இருந்தது. வேறு எப்படிச் செய்வது என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

அப்பா அப்போது அக்கரையில் இருந்தார்.

ஜெலுத்தோங்கிலிருந்து வெல்ட் கீ துறை வரை நடந்து, புதிய ஃபெரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கியிருக்கிறார். யார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், யாருக்குப் பின்னால் நுழைந்தார் என்பது அவரோடே போய்விட்டது. பழைய ஃபெரிகளில் ஆட்களை ஏற்றிப் போவது 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது ஓடுகிறவை வேறு. தன் கப்பலைக் காணாமல் அவர் என்ன நினைத்தாரோ. இறங்கி, பாகான் டாலாமில் நாற்பது வருஷத்துக்கு முன் நாங்கள் குடியிருந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். இரவு எங்கே படுத்தார் என்று தெரியாது. முழங்கால் இரண்டிலும் சேறு, உள்ளங்கையில் சிராய்ப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாசி லெமாக் கடை போட வந்த ஒரு மலாய்க்கார அம்மா, லொங்காங் திண்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, தன் மகனின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பக்கத்து பாலாயில் கொண்டுபோய் விட்டார். அந்த அம்மாவுக்கு நான் பிறகு நேரில் போய் நன்றி சொன்னேன். அவருக்குச் செய்ய முடிந்ததை எல்லாம் அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா அந்த பாலாயின் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திருப்பிச் சொல்கிறேன். என் அப்பா காணவில்லை என்ற ரிப்போர்ட் தீவில் பதிவாகிப் பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம், போலீஸ்காரர்கள் நடமாடுகிற கூடத்தில், அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரொட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அன்பில் குறையில்லை. அவர் யார் என்றுதான் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஐசி இல்லை. பெயர் கேட்டதற்கு ஃபெரியில் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களுக்கு இது சகஜம். ஐசியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், வேலையிடத்தில் ஒரு பெயர். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டப்பெயரைத் தட்டினால் என்ன வரும்? முகவரி கேட்டதற்கு பாகான் டாலாம் வீட்டைச் சொல்லியிருக்கிறார். அங்கே போய்ப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வீடே இல்லை என்று திரும்பியிருக்கிறார்கள். கட்டைவிரலை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்; பதியவில்லை. பேங்கிலும் அவருக்குப் பதியாது. முப்பது வருஷம் ஈரக் கயிறு இழுத்த கை, ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். மைகார்ட் அடையாள அட்டையின் சிப்பில் ரேகை இருக்கிறது, விரலில் இல்லை.

பிறகு மொழி. அப்பா மலாய் நன்றாகப் பேசுவார், துறைமுகத்தில் பழகிய ஹொக்கியன் சீனமும் பேசுவார். நோய் வந்த பிறகு, கடைசியாகக் கற்ற மொழிகள் முதலில் போயின. அவரிடம் மிஞ்சியது தமிழ் மட்டும். அந்த ஐந்து மணி நேரமும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தமிழில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு, ஐசி தொலைந்ததற்கு ரிப்போர்ட் போட ஒரு லாரி அட்டென்டன்ட் அந்த பாலாய்க்கு வந்தார். தமிழர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "கயிறு நனஞ்சு கெடக்கு, பாத்துப் போடு, வழுக்கும்" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. "எந்த கயிறு, தாத்தா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அப்பா பதில் சொல்லியிருக்கிறார்: ஃபெரி, கப்பல் பெயர், ஷிஃப்ட் மேஸ்திரி பெயர், எல்லாம். அவர் ஒரு படம் எடுத்து, ஃபெரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற தன் மாமாவுக்கு அனுப்ப, மாமா பழைய தொழிலாளர்கள் குழுவில் போட, இருபது நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது. நேற்றைய அனுபவத்தில், "எவ்வளவு வேணும்?" என்றுதான் முதலில் கேட்டேன். அந்த மனிதர் அதற்குக் கோபப்படக்கூட இல்லை.

முப்பத்தொரு மணி நேரம். அதில் ஐந்து மணி நேரம் உங்கள் கூடத்திலேயே.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரோட்டோகால் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1944இல் நார்மண்டி கடற்கரையில் இறங்கிப் போரிட்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவரின் பெயர் அதற்கு. முதுமையில் மறதி நோயோடு வாழ்ந்தவர், தன் சிறுவயது வீட்டைத் தேடிப் புறப்பட்ட வழியில் இறந்துபோனார். அதன்பின் நோர்ஃபோக் போலீஸ் ஒரு ஃபாரம் தயாரித்தது. பிறகு நாட்டின் மற்ற பகுதிகளிலும் பரவியது. ஆள் காணாமல் போகும் முன்பே குடும்பத்தார் அதை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். அண்மைப் படம், மருந்துகள், பழைய முகவரிகள், வேலை பார்த்த இடங்கள், விருப்பமான இடங்கள், முன்பு ஒருமுறை வெளியேறியிருந்தால் எங்கே கிடைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவசரம் என்றால் அதை எடுத்துப் போலீஸிடம் நீட்டினால் போதும். சிறுவயது வீட்டைத் தேடிப் போன ஹெர்பர்ட்டையும் பாகான் டாலாம் வீட்டைத் தேடிப் போன என் அப்பாவையும் நான் அடிக்கடி சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் அலையவில்லை. வீட்டுக்குத்தான் போனார்கள்.

ஜப்பானில் ஹொக்கைடோவின் குஷிரோ நகரம் 1994இலேயே ஒரு வலைப்பின்னல் அமைத்தது. போலீஸுக்குத் தகவல் வந்ததும் டாக்சிக்காரர்களுக்கும் வானொலிக்கும் போய்விடும். அந்த நாட்டுப் போலீஸ் 2012 முதல் மறதி நோயாளிகளைத் தனியாகக் கணக்கெடுக்கிறது. முதல் வருஷம் 9,607 பேர் காணாமல் போனதாகப் புகார், 2023இல் 19,039. பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் அவர்கள் எண்ணுகிறார்கள், வெளியிடுகிறார்கள். எண்ணுகிறவர்களுக்குத்தான் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பேச முடியும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2007இல் கோலாலம்பூரில் ஓர் எட்டு வயதுச் சிறுமி காணாமல் போய்க் கொல்லப்பட்ட பிறகு, அவள் பெயரை ஒட்டி 2011இல் காணாமல் போகும் சிறுவர்களுக்கென நூர் அலர்ட் என்ற அவசர அறிவிப்பு ஏற்பாடு வந்தது. ஒரு குழந்தையின் உயிர் போன பிறகுதான் வந்தது என்றாலும் வந்தது. வழி தெரியாமல் நிற்கும் எண்பது வயதுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. நூறு பேரில் எட்டு ஒன்பது பேர். எங்கள் மூன்று புளோக்குகளில் நானே பதினொரு பேரை எண்ணியிருக்கிறேன், அதுவும் வீட்டார் வாய்விட்டுச் சொன்னவர்களை மட்டும்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில், நாட்டிலேயே முதன்முறை என்ற பெருமையோடு, முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைப் பினாங்கு தன் சிசிடிவி கேமராக்களில் சேர்த்தது. தேடப்படும் குற்றவாளிகளைப் பிடிக்க உதவும் என்றார்கள். அந்த வியாழக்கிழமை நாங்கள் கேமராவைப் பார்க்க முடியுமா என்று கேட்டபோது, ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த இன்னோர் அலுவலகம் ரிப்போர்ட் நம்பர் கேட்டது. ரிப்போர்ட் நம்பர் சாயங்காலம்தான் கிடைக்கும். மூடிய வட்டம். கேமராவுக்கு என் முகமும் அண்டை வீட்டாரின் முகமும் எப்போதும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. காணவில்லை என்று புகார் உள்ள ஒரு முகத்தை, கிடைக்கும்வரை மட்டும், துறைமுகத்திலும் பேருந்து முனையத்திலும் தேடுங்கள் என்கிறேன். காலை ஆறு மணிக்கு வெல்ட் கீயில் டிஃபன் கேரியரோடு நின்ற ஒரு கிழவரைத் தேட அவ்வளவு பெரிய மூளைகூட வேண்டாம்.

நாங்கள் எங்கள் பங்குக்குக் கற்றுக்கொண்டோம். அப்பா திரும்பி வந்த பிறகு கதவில் மணி மாட்டினோம். தினமும் காலையில் உடுத்திய உடையோடு ஒரு படம் எடுத்தோம். என்ன சட்டை என்று கேட்டால் யோசிக்க வேண்டாம் பாருங்கள். அந்தக் காலத்தில் வெளுக்கப் போடும் துணியில் வண்ணான் குறி இருக்குமே, அதைப்போல ஒவ்வொரு சட்டைக் காலரின் உள்பக்கமும் என் போன் நம்பரை நூலால் தைத்தேன். பத்துச் சட்டை, ஒரு வாரம் ஆனது. கோயில் குருக்களிடமும் கோப்பிக்கடை அங்கிளிடமும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று தடவை வெளியே போனார், மூன்று தடவையும் அரை மணி நேரத்துக்குள் யாராவது அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்பா போன வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள், வீட்டில், தன் கட்டிலிலேயே காலமானார். ஆக, இதில் எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம்கூட கூலிமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அக்கா, உங்க அப்பாவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்க்கா, அதே சட்டை" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது? நன்றி, கிடைத்துவிட்டார் என்றேன்.

இனி நாங்கள் கேட்பது.

மறதி நோய் உள்ளவரைக் காணவில்லை என்று யார் வந்து நின்றாலும், அந்த நிமிஷமே ரிப்போர்ட் எடுங்கள். சாயங்காலம் என்ற சொல் முகப்பில் இருந்து போக வேண்டும். இதை எழுத்து மூலமான உத்தரவாக எல்லா பாலாய்க்கும் அனுப்பி, பொதுமக்கள் கண்ணில் படும்படி நான்கு மொழிகளிலும் முகப்பில் ஒட்டுங்கள். அப்போதுதான் எங்களைப் போன்றவர்கள் விரலால் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும்.

காணாமல் போகும் முன்பே விவரங்களைப் பெற்று வைத்துக்கொள்ளும் ஃபாரம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அதில் பழைய முகவரிகளும், வேலை பார்த்த இடங்களும், வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும், அவருக்கு மிஞ்சியிருக்கிற மொழி எது என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். மறதி நோய்ச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையிலேயே அதைக் கொடுத்தால் இன்னும் நல்லது. மருந்துச் சீட்டோடு அதுவும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

அடையாளம் தெரியாத முதியவர் எந்த பாலாய்க்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ வந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் அவர் படம் தீவு, பெருநிலம் என்ற பேதமில்லாமல் மாநிலத்தின் எல்லா பாலாய்க்கும் போக வேண்டும்; பெயரை வைத்துத் தேடாதீர்கள், வயது, படம், தேதியை வைத்துத் தேடுங்கள். கடலைத் தாண்டி என் அப்பா போனார், அவருடைய ரிப்போர்ட் போகவில்லை. அவர் பேசுகிற மொழி புரியவில்லை என்றால், புரிகிற ஒருவரைப் போனிலாவது கூப்பிட்டுப் பேச வையுங்கள். இதற்குப் பணம் செலவில்லை. ஒவ்வொரு பாலாயிலும் தமிழ், சீனம் தெரிந்தவர்களின் எண்கள் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் போதும். எங்கள் வட்டாரத்தில் என் எண்ணை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், நைட் ஷிஃப்டில் இருந்தாலும் எடுப்பேன்.

தேடல் அறிவிப்பை நீங்களே வெளியிடுங்கள். உங்கள் முத்திரையோடு, உங்கள் எண்ணோடு, ஐசி நம்பரும் குடும்பத்தார் போன் நம்பரும் இல்லாமல் வர வேண்டும். ஆள் கிடைத்ததும் அதை முடித்துவைக்கவும் வேண்டும். ரிப்போர்ட் எடுத்தவுடன் கேமரா பார்க்கும் பொறுப்பு போலீஸுடையது, குடும்பத்தார் அலுவலகம் அலுவலகமாக ஓடக்கூடாது என்பதையும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுதி முடிவு செய்யுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை முதியவர்கள் காணாமல் போனார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் கிடைத்தார்கள் என்று வெளியிடுங்கள்.

உங்கள் ஃபாரம் வரும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. ஒரு பக்கத்தில் நானே ஒன்று தயாரித்து, மலாயிலும் தமிழிலும் தட்டச்சு செய்து, எங்கள் மூன்று புளோக்குகளில் அந்தப் பதினொரு குடும்பங்களையும் உட்கார வைத்து நிரப்பியிருக்கிறேன். ஒருவர் பழைய தோட்டத்து லயத்து முகவரியைக் கொடுத்திருக்கிறார், அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ஒருவர் தினமும் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் மகனுக்காகக் காத்திருப்பார், மகனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இடுப்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டியின் தாளையும் அவர் மகள் நிரப்பித் தந்துவிட்டார்.

பதினொரு தாளும் ஒரு நீலக் கோப்பில் என்னிடம் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அதே முகப்புக்கு எடுத்து வருகிறேன். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒருவரை நியமியுங்கள்.